தையல் பழகும் மேசைக்கு மேலே ஒரு கேமரா

தங்கை பொது அறுவைச் சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் மதுரை சிம்மக்கல்லில் சிசிடிவி பொருத்துகிறவன். ஓய்ந்த நேரத்தில் மானிட்டர், லேப்டாப் பழுது பார்ப்பேன். ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, "அண்ணா, தைக்கும்போது என் கையை நானே பார்க்க வேண்டும். ஒரு கேமரா மாட்டித் தருகிறாயா?" என்று கேட்டாள். கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டுகிற வேலைதானே, அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தீபாவளி வரை இழுத்தது.

அவள் பழகிக்கொண்டிருந்தது குடல் இணைப்பு. அழுகிப்போன பகுதியையோ கட்டி வந்த பகுதியையோ வெட்டியெடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இரண்டு முனைகளையும் வாயோடு வாய் சேர்த்துத் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் குத்த வேண்டும். தையலுக்கும் தையலுக்கும் இடைவெளியும் அதே அளவுதான். இடைவெளி கூடினால் கசியும். கசிந்தால் வயிற்றுக்குள் மலம் இறங்கி உயிருக்கே ஆபத்து. அதற்குப் பயந்து நெருக்கித் தைத்து இறுக்கிக் கட்டினால், ஓரத்துக்கு ரத்தம் போகாமல் அந்த இடம் செத்துப்போகும். ஆபரேஷன் தியேட்டரில் இரண்டாம் ஆண்டு மாணவியின் கைக்கு வரும் தையல்கள் கொஞ்சம்தான். மற்றதை ஆட்டுக்குடலில் பழக வேண்டும்.

மதுரையில் ஆட்டுக்குடலுக்குப் பஞ்சமா? முதல் வாரம் நெல்பேட்டையில் வாங்கினேன். பாய் வழக்கம்போல் அலசி, குழம்புக்குத் தோதாக விரல் நீளத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்துவிட்டார். அன்று வீட்டில் குடல் குழம்பு, பயிற்சி இல்லை. அடுத்த வாரம், "நறுக்க வேண்டாம் பாய், முழ நீளத்துக்கு அப்படியே கொடுங்கள்" என்றபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணத்தைச் சொன்ன பிறகு, கிழிசல் இல்லாத குடலாகத் தேடி எடுத்துவைக்க ஆரம்பித்தார். அம்மா மட்டும் இன்றுவரை சமாதானமாகவில்லை. தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் தனியாக வாங்கி, மேசையை மொட்டைமாடி அறைக்கு மாற்றிய பிறகுதான் வீட்டில் பேச்சு குறைந்தது.

கையைப் படமெடுத்துப் பார்ப்பதில் என்ன வந்துவிடும் என்று நானும் கேட்டேன். அதற்கு அவள் சொன்னது 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 20 அறுவைச் சிகிச்சை நிபுணர்கள், உடல் பருமனுக்காகச் செய்யும் இரைப்பை அறுவையில் தங்களுடைய வீடியோ ஒன்றை ஆளுக்கொன்றாக அனுப்பினார்கள். யாருடைய கை என்று தெரியாமலே சக நிபுணர்கள் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். கடைசிக் கால்பங்கில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருந்தது. முதல் கால்பங்கில் 5.2 சதவீதம். கைராசிக்காரர் என்று ஒரு டாக்டரைத் தேடிப் போகிறோமே, அந்த ராசி வீடியோவில் தெரிகிறது என்றுதான் எனக்கு அது அர்த்தமானது. இப்படி மதிப்பெண் போடுவதற்கென்றே 1990-களில் டொரண்டோவில் உருவான ஒரு தாளும் உண்டாம்: திசுவை எவ்வளவு பதமாகத் தொடுகிறார், அசைவு வீணாகிறதா, கருவி கையில் எப்படி நிற்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை.

முதலில் கடையில் கிடந்த டோம் கேமராவையே மாட்டினேன். தொழில் தெரிந்தவன் செய்யக்கூடாத தவறு. 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அறை முழுவதையும் காட்டும், கையைக் காட்டாது. வட்டில் இடம் மிச்சம் பிடிப்பதற்காகப் படத்தை நசுக்கிச் சுருக்கும் புத்தி வேறு அதற்கு. ஆள் நடமாட்டம் தெரிந்தது. குடல் தைக்கும் மெல்லிய 3-0 விக்ரில் நூல் இருந்த இடத்தில் ஒரு புகைக்கோடு தெரிந்தது. அடுத்து யுஎஸ்பி வெப்கேம். கை குறுக்கே வரும்போதெல்லாம் ஃபோகஸைத் தேடித் தவித்தது. தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, குடல் கிடக்கும் மட்டத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, அதன் எழுத்து தெளிவாகத் தெரிந்த இடத்தில் பூட்டினேன்.

பிறகு படத்தில் கறுப்புப் பட்டைகள் நகர்ந்தன. மேசை விளக்கு மலிவான எல்இடி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. அதனால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழும். கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், கேமரா பொறுக்காது. ஷட்டர் நேரத்தை 1/100 நொடி என்று கைமுறையாக வைத்ததும் பட்டைகள் போய்விட்டன.

தாங்கிக்கு முக்கால் இஞ்சு பிவிசி குழாய். நான்கு எல்போ, இரண்டு டீ, அவ்வளவுதான். ஆனால் மின்விசிறி சுழலும்போது கேமராவும் சேர்ந்து தலையாட்டியது. விசிறியை நிறுத்தினால் மதுரை வெயிலில் மொட்டைமாடி அறையில் யாரும் தைக்க முடியாது. குழாய்க்குள் மணலை நிரப்பினேன், ஆட்டம் அடங்கியது. வைகை மணல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பக்கத்து வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்ட்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி பளபளப்பை அடக்கியது. ஈரக்குடல் மேல் விளக்கு பட்டால் தையல் விழும் இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக மினுங்கும். ஊசி எங்கே நுழைந்தது என்று தெரியாது. விளக்கைச் சாய்த்தேன், வெள்ளைத்துணி போர்த்தினேன், சரிப்படவில்லை. அப்போதுதான் கடை மூலையில் கிடந்த செத்த எல்சிடி மானிட்டர் ஞாபகத்துக்கு வந்தது. எல்சிடி கண்ணாடியின் முன்னும் பின்னும் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் போலராய்டு படலம் ஒட்டியிருக்கும். ஒன்றை உரித்து விளக்குக்கு முன்னால் கட்டினேன்; இன்னொரு துண்டைக் கேமராவின் முன்னால் பிடித்து மெல்லச் சுழற்றினேன். தொண்ணூறு பாகை திரும்பியதும் மினுக்கம் மொத்தமும் அணைந்து, குடலின் நரம்போட்டம்கூடத் தெரிந்தது. ஈரப்பரப்பில் பட்டு அப்படியே திரும்பும் வெளிச்சம் வந்த திசையிலேயே அதிரும், அதைக் கேமராப் படலம் தடுத்துவிடும். திசுவுக்குள் புகுந்து சிதறி வருவது திசை மாறிவிடுவதால் தப்பிவிடும். வெளிச்சம் பாதிக்கு மேல் குறைந்துபோகும் என்பதால் விளக்கை மட்டும் பெரிதாக்க வேண்டியிருந்தது. படலத்தின் பின்னாலிருக்கும் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பொறுமையாகத் துடைக்க வேண்டும். முதல் படலத்தில் தின்னரைப் போட்டுப் பாழாக்கினேன்.

ஒரு சிறு விஷயம்: எம்பி4-ஆகப் பதிவு செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் போனது. முக்கால் மணி நேரத் தையல் திறக்கவே முடியாத கோப்பாகிவிட்டது, ஏனென்றால் எம்பி4 தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். அன்றிலிருந்து எம்கேவி. நின்ற இடம்வரையாவது கிடைக்கும்.

இனி கணினியின் பங்கு. கூகுள் இலவசமாகக் கொடுக்கும் மீடியாபைப் என்ற மென்பொருள், ஒரு கையில் 21 புள்ளிகளை, மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு விரல் நுனிவரை, படத்தில் கண்டுபிடித்துத் தொடரும். வெறுங்கையில் அழகாக வேலை செய்தது. கையுறை போட்டு, கருவியைப் பிடித்து, பாதி விரல் மறைந்ததும் புள்ளிகள் தவளைபோல் குதித்தன. கையுறையில்லாமல் பழகு என்றேன். பழக்கம் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டாள், அவள் சொன்னதுதான் சரி. எனவே விரலை விட்டுவிட்டுக் கருவியைத் தொடர்ந்தேன். ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரில், சூடாக்கினால் சுருங்கி இறுகும் மஞ்சள் நிற ஹீட் ஷ்ரிங்க் குழாய்; திசுவைப் பிடிக்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸில் இளஞ்சிவப்பு. பச்சைதான் நன்றாகத் தனித்துத் தெரியும், ஆனால் மேசையில் அவள் விரிப்பது தியேட்டர்ப் பச்சைத்துணி. ரோபோ அறுவையில் இந்தத் தலைவலியே இல்லை. தன் கை எங்கே போனது என்று இயந்திரமே கணக்கு வைத்துக்கொள்ளும். எங்களிடம் இருந்தது மணல் நிரப்பிய பிவிசி.

ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக அளப்பது நேரம், கருவி நுனி பயணம் செய்த மொத்தத் தூரம், அசைவுகளின் எண்ணிக்கை, அசைவின் வழவழப்பு. தூரத்தை அளக்கும் நிரலை எழுதி, சோதிக்க ஃபோர்செப்ஸை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு நிமிடத்தில் அது ஒன்றரை மீட்டர் நடந்திருந்தது. படத்துக்குப் படம் புள்ளி ஓரிரு பிக்சல் நடுங்கும். அந்த நடுக்கமெல்லாம் கூட்டலில் சேர்ந்துவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால், நிதானமாக யோசித்துத் தைப்பவருக்குத்தான் அதிகத் தூரம் காட்டும். முன்பின் பிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து, ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்த அசைவைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகு ஃபோர்செப்ஸ் இருந்த இடத்தில் இருந்தது.

அளவுகோல் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்கக் கைதேர்ந்த ஒருவர் வேண்டும். எங்கள் தெருமுனையில் மல்லிகை கட்டும் பூக்கார அக்கா இருக்கிறார். முடிச்சுப் போடுவதில் அவரை மிஞ்ச மதுரையில் எந்தச் சர்ஜனும் இல்லை என்பது என் கட்சி. வெறுங்கை என்பதால் 21 புள்ளி மென்பொருளே போதும். கேமராவுக்குக் கீழே உட்கார்ந்து கட்டினார். ஒவ்வொரு முடிச்சின் பாதையும் முந்தையதன் மேலேயே விழுந்தது, நூல் சுற்றிய கதிர்போல. என் கையை அடுத்து வைத்தேன்; கோழி கிளறிய குப்பைபோல் வந்தது. அளவுகோல் வேலை செய்கிறது என்று நான் மகிழ, அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "எத்தனை அசைவு என்று எதற்குத் தம்பி எண்ணுகிறாய்? சாயங்காலம்வரை பூ உதிராமல் நிற்கிறதா என்று பார்" என்றார். அப்போது அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

தூரக் கணக்கு இரண்டு வாரம் நன்றாகப் போனது. தங்கையின் எண் வாரத்துக்கு வாரம் குறைந்தது. மூன்றாம் வாரம்தான் கசிவுச் சோதனையைச் சேர்த்தோம். தைத்த குடலின் ஒரு முனையை நூலால் கட்டி, மறுமுனையில் சலைன் குழாயைச் செருகி, பாட்டிலில் நீல மை கலந்த தண்ணீரை ஊற்றி, சுவரில் ஒட்டிய அளவுநாடாவையொட்டி மெல்ல உயர்த்த வேண்டும். எந்த உயரத்தில் முதல் நீலத்துளி வெளியே வருகிறதோ அதுதான் அந்தத் தையல் தாங்கும் நீரழுத்தம். அவளுடைய மிகக் குறைந்த தூரம், மிக வேகமான தையல், 22 சென்டிமீட்டரில் ஒழுகியது. எண் மோசமாக வந்த ஒரு தையல் 60 சென்டிமீட்டரைத் தாண்டியும் நின்றது. வீடியோவைத் திருப்பிப் பார்த்தபோது காரணம் வெட்டவெளிச்சம்: தூரம் குறைய வேண்டும் என்ற நினைப்பில் தையல்களைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாள். 12 போட வேண்டிய இடத்தில் 9. அவளை யாரும் ஏமாற்றச் சொல்லவில்லை. திரையில் ஒரு எண் ஓடினால் கை அதற்குத்தான் வேலை செய்கிறது.

பூக்கார அக்காவிடம் போய்த் தோற்றுவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணைத் திரையிலிருந்து எடுத்துவிட்டேன்.

அசைவு எண்ணுவது தோற்றதும், செயற்கை நுண்ணறிவிடமே விட்டுவிடலாம் என்ற ஆசை வந்தது. தங்கைக்கு மூத்த டாக்டர் ஒருவர் ஒரு ஞாயிறு காலை வந்து ஐந்து இணைப்புகள் தைத்துக் கொடுத்தார். அவை 'நல்லது', தங்கையின் ஆரம்பகால வீடியோக்கள் 'பழக வேண்டியது'. ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களில் பழகிய, படத்தில் இருப்பதை அடையாளம் சொல்லும் ஒரு சிறு செயற்கை நரம்பு வலையமைப்பை எடுத்து, கடைசி அடுக்கை மட்டும் எங்கள் வீடியோக்களில் பழக்கினேன். கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னது. அவ்வளவு நல்ல மதிப்பெண் என் சொந்தப் பள்ளிக்காலத்தில் வந்திருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். ஒவ்வொரு படத்திலும் கை இருக்கும் இடத்தைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிட்டுத் திரும்பக் கேட்டேன். பதில் மாறவே இல்லை. டாக்டர் தைத்தது காலையில், ஜன்னல் வெயிலில். தங்கை தைப்பது டூட்டி முடிந்து வந்து ராத்திரியில், டியூப்லைட்டில். என் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொண்டது பகல் எது, இரவு எது என்பதை மட்டும்.

விளக்கைச் சமப்படுத்தி மீண்டும் செய்திருக்கலாம். செய்யவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஊரில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியை நினைத்துக்கொண்டேன். இளம் வயதிலேயே மூட்டுவாதம் தாக்கி அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களுக்கேற்ற கருவிகளோடு கத்தியைப் பிடிக்கத் திரும்பப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அவர் கை என் கேமராவுக்குக் கீழே வந்திருந்தால், நேரான விரல்களையே பார்த்துப் பழகிய என் நிரல் என்ன மதிப்பெண் போட்டிருக்கும்? ஐந்து வீடியோவை வைத்துக்கொண்டு நல்ல கை எது என்று தீர்ப்பு எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் வேறொரு தொந்தரவு இருந்துகொண்டே இருந்தது. அரைமணி நேர வீடியோவைத் தங்கையே திரும்பப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிறவள், தன் கையையே அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பாளா? முதல் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். அங்கேதான் கணினிக்கு உருப்படியான வேலை கிடைத்தது. மதிப்பெண் போடாதே, எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல் என்றேன். ஊசி பிடித்தல், குத்துதல், நூல் இழுத்தல், முடிச்சு, சும்மா இருத்தல் என்று ஐந்து பெயர்கள். இருவருமாக உட்கார்ந்து 24 வீடியோக்களில் நொடிக்கு ஒரு படமாக எடுத்துப் பெயரிட்டோம். சொல்லும்போது ஒரு வரி. செய்யும்போது புரட்டாசி முழுவதும்.

இதிலும் ஒரு முறை ஏமாந்தேன். படங்களைக் கலைத்துப்போட்டு, சிலவற்றைத் தேர்வுக்கு ஒதுக்கியபோது நூற்றுக்கு 96 வந்தது. புதிய வீடியோவைக் கொடுத்தால் 60. அடுத்தடுத்த நொடியின் படங்கள் இரட்டைப்பிள்ளைகள்போல் இருக்கும்; ஒன்று பாடத்திலும் மற்றொன்று தேர்விலும் இருந்தால் அது தேர்வே இல்லை, வினாத்தாள் வெளியானதற்குச் சமம். ஐந்து வீடியோக்களை முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதித்ததும் உண்மையான எண் தெரிந்தது. விளக்கு, விரிப்பு, நூலின் நிறம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி இன்னும் சில வீடியோக்கள் எடுத்துப் பழக்கி, 85 அளவில் நின்றது. மதிப்பெண் போடும் இயந்திரத்துக்கு 85 போதாது; தவறாகப் போட்ட மதிப்பெண் ஒருத்தியின் மனதை ஒடித்துவிடும். இடம் காட்டும் இயந்திரத்துக்கு அது தாராளம். தவறான துண்டு வந்தால் தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று இரவே ஒரு பொத்தான் வைத்தேன்: 'ஊசி பிடித்தல்' மட்டும் வரிசையாக ஓடும். 34 நிமிட வீடியோவில் அது மட்டும் ஏழு நிமிடம். தங்கை முழுத் தூக்கத்திலிருந்து எழுந்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் ஓரத்தைக் குத்தி எடுத்த பிறகு, இரண்டாவது ஓரத்துக்குப் போவதற்கு முன், ஒவ்வொரு முறையும் விரலால் ஊசியைத் தொட்டுத் திருப்புகிறாள். ஒன்றிரண்டு முறை இல்லை, 12 தையலிலும். தனக்கு அந்தப் பழக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. நேரம் போவது ஒருபுறம், தியேட்டரில் அது கையுறையைக் குத்திக்கொள்ளும் வழி.

துண்டுகளைப் போனில் ஏற்றிப் போய் தன் பிரிவின் தலைமை டாக்டரான யூனிட் சீஃபிடம் காட்டியிருக்கிறாள். அரைமணி நேர வீடியோ என்றால் அவர் பார்த்திருக்கமாட்டார். இரண்டு நிமிடம் என்பதால் நின்றபடியே பார்த்தார். "ஊசி வெளியே வரும்போதே ஃபோர்செப்ஸால் நிறுத்திப் பிடிம்மா. அங்கேயே ஹோல்டரால் நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடித்துவிடு. விரலுக்கு ஊசியிடம் என்ன வேலை?" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மூன்று வாரத்தில் ஏழு நிமிடம் மூன்றுக்குக் கீழே வந்தது. நீலத்துளி 50 சென்டிமீட்டருக்குக் கீழே வருவது நின்றது. அந்தச் சீஃபின் ஒரு வாக்கியத்தை எந்த நிரலாலும் எழுதியிருக்க முடியாது. ஆனால் அவர் கண்ணில் அந்த இடத்தைக் கொண்டுபோய் நிறுத்தியது நிரல்தான்.

இப்போது அவளுடைய தோழிகள் இருவரும் சனிக்கிழமைகளில் வந்து தைக்கிறார்கள். ஆட்டுக்குடல் மட்டும்தான், நோயாளியின் வீடியோவை இந்தக் கணினிக்குள் கொண்டுவரக் கூடாது என்பது முதல்நாளே போட்ட விதி, அதற்கு ஒப்புதலும் பாதுகாப்பும் வேறு. அவர்களில் ஒருத்தி இடக்கைக்காரி. நிரல் அவள் குத்துவதையெல்லாம் 'நூல் இழுத்தல்' என்கிறது. வீடியோவைக் கண்ணாடிபோல் இடவலம் மாற்றிக் கொடுத்தால் பாதி சரியாகிறது. மீதிக்கு அவளுடைய வீடியோக்களுக்கும் உட்கார்ந்து பெயரிட வேண்டும்.

விளக்குச் சூட்டில் போலராய்டு படலம் ஓரத்தில் பழுப்பேறி நெளிய ஆரம்பித்திருக்கிறது. நேற்று ஒருவர் 19 இஞ்சு மானிட்டரைக் கொண்டுவந்து, பார்க்க முடியுமா என்றார். பேனல் போய்விட்டது, சரிசெய்தால் புதியதன் விலை வரும் என்றேன். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆல்கஹால் பாட்டிலை எடுத்துவைத்திருக்கிறேன்.